தலைமையாசிரியருக்கு யார் மதிப்பெண் போடுவது?

ஒரு பள்ளிக்குப் புதிய தலைமையாசிரியர் வந்துவிட்டார் என்பதைத் தெரிந்துகொள்ளச் சுவரைப் பார்த்தால் போதும். மூன்றே மாதத்தில் புதுச் சாயம் ஏறியிருக்கும். படிக்கட்டுகளில் வாய்ப்பாடு, கழிப்பறைக் கதவில் பூ ஓவியம், வாசலில் புதிதாக ஒரு பெயர்ப்பலகை. 28 ஆண்டுகள் தமிழ்ப்பள்ளிகளில் ஆசிரியராக இருந்து, 9 தலைமையாசிரியர்களின் கீழ் வேலை பார்த்த எனக்கு இது பழகிப்போன காட்சி. சாயம் பூசுவதில் தவறே இல்லை. அழுக்குச் சுவருக்கு நடுவில் பிள்ளைகள் படிக்க வேண்டுமா என்ன? ஆனால் முதல் வேலையாக ஏன் சுவர்? வருகிறவர்கள் பார்ப்பது அதைத்தான். மாவட்டக் கல்வி இலாகா அதிகாரி வந்தாலும், சட்டமன்ற உறுப்பினர் வந்தாலும், முதலாம் ஆண்டில் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் வந்தாலும் கண்ணில் படுவது சுவர். எதை வைத்து நம்மை எடை போடுகிறார்களோ அதைத்தான் நாம் முதலில் கவனிப்போம். தலைமையாசிரியரும் மனிதர்தானே.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் மாணவர்களான உங்களுக்கு இந்த விஷயம் தூரமாகத் தோன்றலாம். தலைமையாசிரியரை நியமிப்பது அமைச்சு, மதிப்பிடுவது இலாகா, இதில் எங்களுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். உங்களுக்குத்தான் வேலை இருக்கிறது என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

ஒரு காலத்தில் நல்ல தலைமையாசிரியர் யார் என்ற கேள்விக்கு எல்லாரிடமும் சுலபமான பதில் இருந்தது. யு.பி.எஸ்.ஆர். 1988ஆம் ஆண்டு தொடங்கிய அந்தத் தேர்வு, ஆறாம் ஆண்டுப் பிள்ளையை மட்டும் சோதிக்கவில்லை; பள்ளியையும் அதன் தலைவரையும் சேர்த்தே சோதித்தது. முடிவு வெளியாகும் நாளில் 7ஏ பெற்ற பிள்ளைகளின் படங்கள் நாளிதழ்களில் வரிசையாக வரும். 2016இல் பாடங்களின் எண்ணிக்கை கூடியபோது அது 8ஏ ஆனது. எத்தனை படம் வந்தது என்பதே அந்த ஆண்டுக்கான தலைமையாசிரியரின் மதிப்பெண்.

2010ஆம் ஆண்டு அரசாங்கம் இதற்கு முறையான வடிவமே கொடுத்தது. பள்ளிகள் ஒன்று முதல் ஏழு வரையிலான தரநிலைகளாகப் பிரிக்கப்பட்டன. அந்தக் கணக்கில் 70 விழுக்காடு தேர்வு முடிவுக்கு, 30 விழுக்காடு பள்ளி தன்னைத்தானே மதிப்பிட்டுக்கொள்ளும் தரமதிப்பீட்டுக்கு. 'புதிய சலுகை' என்ற பெயரில், சிறப்பாகச் செய்த தலைமையாசிரியர்களுக்கும் முதல்வர்களுக்கும் 7,500 ரிங்கிட் ஊக்கத்தொகையும் அறிவிக்கப்பட்டது.

அதன் நோக்கம் நல்லதுதான். தலைமைத்துவத்துக்கு மதிப்பு இருக்கிறது என்று அமைச்சு அப்போது வெளிப்படையாகச் சொன்னது. ஆனால் பள்ளிக்குள் நடந்தது வேறு. ஆறாம் ஆண்டுக்கு நல்ல ஆசிரியர்கள், மாலை வகுப்பு, சனிக்கிழமை வகுப்பு, இரவு முகாம். இரண்டாம் ஆண்டுக்கு யார் மிஞ்சினார்களோ அவர்கள். ஏ வாங்கக்கூடிய பிள்ளைகளுக்கு முன்வரிசை, பி வாங்கும் பிள்ளையை எப்படி ஏ ஆக்குவது என்ற பரபரப்பு. எழுத்துக் கூட்டத் தெரியாமல் ஆறாம் ஆண்டுவரை வந்துவிட்ட பிள்ளையைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். அவன் கணக்கில் ஒரு புள்ளிக் குறைவு, அவ்வளவுதான்.

யு.பி.எஸ்.ஆர். கடைசியாக நடந்தது 2019இல். 2020இல் கோவிட் காரணமாக நிறுத்தப்பட்டது. 2021இல் அடியோடு ரத்தானது. அடுத்த ஆண்டே பிடி3 தேர்வும் போனது. தேர்வு மீண்டும் வேண்டும் என்ற குரல் அவ்வப்போது எழுகிறது, வேண்டாம் என்ற குரலும் எழுகிறது. அந்த வாதத்துக்குள் நான் இப்போது போகவில்லை. என் கேள்வி வேறு. தலைமையாசிரியரை அளந்துகொண்டிருந்த அளவுகோல் எடுக்கப்பட்டபோது, அந்த இடத்தில் எதை வைத்தோம்?

காகிதத்தில் நல்ல பதிலே இருக்கிறது. 2017இல் வந்த மலேசியக் கல்வித் தரத்தின் இரண்டாம் அலை ஐந்து தரங்களைச் சொல்கிறது: தலைமைத்துவம், நிர்வாகம், பாடத்திட்டமும் புறப்பாடமும் மாணவர் நலனும், வகுப்பறைக் கற்றல் கற்பித்தல், மாணவர் உருவாக்கம். படித்துப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் இதைப் பள்ளி எப்படி நிரூபிக்கிறது? கோப்பு, அறிக்கை, படம். ஒரு வாசிப்புத் திட்டம் நடந்ததா என்றால், பதாகையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் நிற்கும் படம் இருக்கும். அந்தப் பிள்ளைகள் வாசித்தார்களா என்பது படத்தில் தெரியாது. (பதாகை அச்சடிப்பவர்கள் மட்டும் நன்றாக வாழ்கிறார்கள்.)

தலைமையாசிரியர் ஒருவரால் பிள்ளைகளின் படிப்பு உண்மையிலேயே மாறுமா என்று சிலர் சந்தேகப்படுவார்கள். அமெரிக்காவில் பல ஆய்வுகளைத் தொகுத்து கிரிசம், எகலைட், லின்சே என்ற மூவர் 2021இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். 100 பள்ளி முதல்வர்களைத் திறமைப்படி வரிசையாக நிறுத்துங்கள். கீழிருந்து 25ஆவது இடத்தில் இருப்பவரை எடுத்துவிட்டு, 75ஆவது இடத்தில் இருப்பவரை அதே பள்ளியில் அமர்த்துங்கள். பிள்ளைகள் ஓராண்டில் ஏறத்தாழ மூன்று மாதப் படிப்பைக் கூடுதலாகப் பெறுகிறார்கள் என்கிறது அறிக்கை. ஒரு நல்ல ஆசிரியர் தன் வகுப்பில் உள்ள 30 பேரை மாற்றுவார். தலைவர் மாறினால் பள்ளி முழுவதும் மாறுகிறது.

அப்படியானால் நல்ல தலைவர் என்ன செய்கிறார்? நியூசிலாந்தின் விவியன் ராபின்சனும் அவர் குழுவினரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு, தலைமைத்துவத்தின் ஐந்து அம்சங்களை ஒப்பிட்டது. இலக்கு வைப்பது, வளங்களைப் பங்கிடுவது, கற்பித்தலைத் திட்டமிட்டு மேற்பார்ப்பது, ஒழுங்கான சூழலைக் காப்பது ஆகிய எல்லாவற்றையும்விட அதிகப் பலன் தந்தது ஒன்றுதான்: ஆசிரியர்கள் புதிதாகக் கற்றுக்கொள்ளும்போது தலைவரும் அவர்களோடு உட்கார்ந்து கற்றுக்கொள்வது. இன்னோர் ஆய்வு என்னைச் சிரிக்க வைத்தது. அமெரிக்காவின் மயாமி-டேட் மாவட்டத்தில் ஏறத்தாழ 100 முதல்வர்களை நாள் முழுவதும் பின்தொடர்ந்து, அவர்கள் நேரத்தை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று குறித்தார்கள். ஆசிரியருக்கு அருகிலிருந்து வழிகாட்டிய முதல்வர்களின் பள்ளிகளில் மாணவர்கள் முன்னேறினார்கள். வகுப்பறைகளுக்குள் சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் நேரம் கூடிய பள்ளிகளில் முன்னேற்றம் குறைவாகவே இருந்தது. பின்னால் கையைக் கட்டிக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்து வரும் தலைமையாசிரியரை நம்மில் யார்தான் பார்த்ததில்லை?

என் அனுபவத்தில் இருவரைச் சொல்கிறேன். ஒருவரின் அலுவலகத்தில் கோப்புகள் நிறம் நிறமாக அடுக்கியிருக்கும். எந்த அதிகாரி எந்தக் கேள்வி கேட்டாலும் ஒரே நிமிடத்தில் பக்கத்தைத் திறந்து காட்டுவார். அவர் காலத்தில் பள்ளிக்கு விருதுகள் வந்தன; ஆசிரியர்களாகிய எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அவர் இருந்த நான்கு ஆண்டுகளில் என் வகுப்புக்குள் இரண்டு முறைதான் வந்தார். இரண்டு முறையும் படிவம் நிரப்ப.

இன்னொருவர் வேறு பள்ளியில் இருந்தார். கோப்பு விஷயத்தில் சுமார். புதன்கிழமை காலை முதல் இரண்டு பாடவேளை அவரை அலுவலகத்தில் பார்க்க முடியாது. இரண்டாம் ஆண்டு வகுப்பின் பின்வரிசையில் குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அவர் சட்டைப்பையில் சின்ன நோட்டு ஒன்று இருக்கும். அதில் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளின் பெயர்கள், யாருக்கு எந்த எழுத்து வரவில்லை என்ற குறிப்பு. மதிய உணவுக்கு முன் ஆசிரியரைக் கூப்பிட்டு, "சார், இந்தப் பையனுக்கு உயிர்மெய் நெடில்தான் சிக்கல், குறில் நன்றாக வருகிறது" என்பார். அந்தப் புதன்கிழமைக்காக நாங்கள் ஆசிரியர்கள் செவ்வாய் இரவே பாடம் தயாரிப்போம். பயத்தினால் இல்லை. அவர் கேட்கும் கேள்வி அத்தனை சுவையாக இருக்கும். அந்த ஆண்டு அவருக்குக் கிடைத்த மதிப்பீடு சுமார்தான் என்று பின்னால் தெரியவந்தது. கோப்பில் ஆவணம் போதவில்லையாம். அந்த நோட்டை யாரும் கேட்கவில்லை.

பயிற்சி விஷயத்தில் நம் நாடு பின்தங்கியிருக்கிறது என்று சொல்ல முடியாது. 1979இல் அமைந்த பயிற்சி நிலையம், பின்னாளில் அமினுடின் பாக்கி கழகம் என்று பெயர் பெற்றது. கெந்திங் ஹைலண்ட்ஸில் இயங்கிய அந்தக் கழகம் பல தலைமுறைத் தலைவர்களை உருவாக்கியிருக்கிறது. தலைமைப் பொறுப்புக்கு வருகிறவர்கள் அங்கே என்.பி.கியூ.இ.எல். என்ற தேசியத் தகுதியைப் பெற்றிருக்க வேண்டும் என்ற விதி 2014 முதல் கட்டாயமானது. பணிமூப்பு மட்டும் போதாது, தகுதியும் வேண்டும் என்ற இந்த மாற்றம் 2013–2025 கல்விப் பெருந்திட்டத்தின் நல்ல பயன்களில் ஒன்று என்பேன். ஆனாலும் ஓய்வு வயதான 60க்கு ஓரிரு ஆண்டே பாக்கி இருக்கும்போது ஒருவரைத் தலைமையாசிரியராக அனுப்பும் வழக்கம் இன்னும் முற்றாகப் போகவில்லை. பள்ளியைப் புரிந்துகொள்ளவே ஓராண்டு ஆகும். அடுத்த ஆண்டு பிரியாவிடை விருந்து. அப்படிப்பட்ட பள்ளியில் சுவர் சாயத்தைத் தவிர வேறு எது மாற நேரம் இருக்கும், சொல்லுங்கள்?

சிங்கப்பூரில் முதல்வர் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்படுவோர் தேசியக் கல்விக் கழகத்தில் முழுநேரமாகப் படிக்கிறார்கள். பள்ளி வேலையும் பயிற்சியும் ஒரே நேரத்தில் தலையில் விழுவதில்லை. முதல்வர்களாக இருந்தவர்களே கண்காணிப்பாளர்களாக உயர்ந்து, சுமார் ஒரு டஜன் பள்ளிகள் கொண்ட தொகுப்பைப் பார்த்துக்கொள்கிறார்கள். 1992 முதல் பள்ளிகளுக்கு ரேங்க் போட்டு வந்த அந்த நாடு, 2004இல் அதை நிறுத்தியது. இடைநிலைப்பள்ளிகளைத் தரக் கட்டங்களாகப் பிரிப்பதை 2012இல் கைவிட்டது. சிங்கப்பூரில் போட்டி ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. டியூஷன் வகுப்புகளைப் பார்த்தாலே தெரியும். ஆனால் ஒரே எண்ணால் ஒரு பள்ளித் தலைவரை அளக்கக் கூடாது என்பதை அவர்கள் நமக்கு முன்பே ஒப்புக்கொண்டார்கள்.

நம் மாவட்டங்களிலும் முயற்சி நடந்திருக்கிறது. 2013இல் கெடாவிலும் சபாவிலும் தொடங்கி, மறு ஆண்டு நாடு முழுவதும் விரிவடைந்த மாவட்ட உருமாற்றத் திட்டம், மாவட்டக் கல்வி இலாகாவைப் படிவம் சேகரிக்கும் அலுவலகமாக இல்லாமல் பள்ளிக்குத் துணை நிற்கும் அலுவலகமாக மாற்ற நினைத்தது. தலைமையாசிரியர்களுக்கு வழிகாட்டவே எஸ்.ஐ.பார்ட்னர் பிளஸ் என்ற முழுநேர அதிகாரிகள் நியமிக்கப்பட்டார்கள். அவர்களில் பலர் அனுபவம் மிக்க முன்னாள் தலைவர்கள். நல்ல யோசனை. ஆனால் இதற்குள் ஒரு முடிச்சு இருக்கிறது. எல்லாச் சிக்கலும் அங்கேதான் என்பது என் எண்ணம்.

வழிகாட்ட வருகிறவரிடம் நாம் குறையைச் சொல்ல வேண்டும். மதிப்பெண் போட வருகிறவரிடம் குறையை மறைக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே இலாகாவிலிருந்து, சில நேரம் ஒரே காரில் வந்தால் தலைமையாசிரியர் என்ன செய்வார்? "மூன்றாம் ஆண்டில் 11 பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரியவில்லை, எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, உதவுங்கள்" என்று சொல்வாரா? காப்பி வரவழைத்து, நிறக் கோப்பைத் திறந்து, எல்லாம் நன்றாக நடக்கிறது என்பார். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன். நீங்களே யோசியுங்கள். எஸ்.பி.எம். தாளைத் திருத்தும் ஆசிரியரே உங்கள் டியூஷன் ஆசிரியராக இருந்து, நீங்கள் அவரிடம் கேட்கும் ஒவ்வொரு சந்தேகத்துக்கும் ஒரு மதிப்பெண் குறைத்தால், யார் வாயைத் திறப்பீர்கள்? வழிகாட்டுகிறவர் எழுதும் குறிப்பு மதிப்பீட்டுக் கோப்புக்குள் போகவே கூடாது. அதற்கு ஒரு சுவர் வேண்டும். சாயம் பூசும் சுவரைவிட இதுதான் அவசரம்.

தமிழ்ப்பள்ளிகளுக்கு வரும்போது இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாட்டில் உள்ள 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பல, 150க்கும் குறைவான மாணவர்களைக் கொண்டவை. தோட்டம் காலியாகி, மக்கள் பட்டணத்துக்குப் போய், பள்ளி மட்டும் செம்பனை மரங்களுக்கு நடுவில் நிற்கும். அங்கே தலைமையாசிரியர் பாடமும் எடுப்பார், வேன் ஓட்டுநர் வராவிட்டால் பிள்ளைகளைக் காரில் ஏற்றி வருவார், பள்ளி வாரியத்தோடு நிலப் பிரச்சினை பேசுவார், ஆண்டுக் கடைசியில் வீடு வீடாகப் போய் முதலாம் ஆண்டுக்குப் பிள்ளை தேடுவார். நகரத்தில் 1,000 பிள்ளைகளையும் மூன்று துணைத் தலைமையாசிரியர்களையும் வைத்திருப்பவருக்கும் இவருக்கும் ஒரே படிவம். பிறப்பு விகிதம் குறைவதற்கும் தோட்டம் மூடப்பட்டதற்கும் இவர் பொறுப்பாக முடியாது. இருக்கும் 40 பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பதற்கு அவசியம் பொறுப்பு. கணக்கு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்: பிள்ளை எந்த நிலையில் உள்ளே வந்தான், எந்த நிலையில் வெளியே போனான்.

இனி உங்கள் வேலைக்கு வருகிறேன். ஒரு பள்ளியில் உண்மையாக என்ன நடக்கிறது என்பது அதிகாரியைவிட, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தைவிட, சில நேரம் தலைமையாசிரியரைவிடவும் மாணவர்களுக்கு நன்றாகத் தெரியும். எந்த ஆசிரியர் வருவதில்லை, எந்தக் கழிப்பறையில் யார் காசு பிடுங்குகிறார்கள், வகை துன்புறுத்தலைப் பற்றிப் புகார் செய்த பிறகு என்ன நடந்தது, என்ன நடக்கவில்லை. இவ்வளவும் தெரிந்தவர்களை மதிப்பீட்டில் ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை என்றால் அது விந்தைதான்.

இதைச் சொன்னபோது பழைய சகா ஒருவர் கோபப்பட்டார். குருவுக்கு மாணவன் மதிப்பெண் போடுவதா, உலகம் தலைகீழாகப் போய்விடும் என்றார். அவருடைய இன்னொரு பயம் நியாயமானது. கண்டிப்பான தலைவருக்குக் குறைந்த மதிப்பெண்ணும், சிரித்துப் பேசுகிறவருக்கு அதிக மதிப்பெண்ணும் விழும். பிறகு எல்லாரும் மாணவர்களைக் குளிர்விக்கப் பார்ப்பார்கள். உங்களுக்கு அவரைப் பிடிக்குமா என்று கேட்டால் அப்படித்தான் ஆகும். அந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது. நடந்ததைக் கேட்க வேண்டும். கடந்த மாதம் ஆசிரியர் இல்லாமல் எத்தனை பாடவேளை சும்மா இருந்தீர்கள்? தலைமையாசிரியர் உங்கள் வகுப்பில் ஒரு பாடவேளை முழுவதும் உட்கார்ந்தது உண்டா? பாடம் புரியவில்லை என்றால் பள்ளியில் யாரிடம் போவீர்கள்? நீங்கள் ஒரு பிரச்சினையைச் சொன்ன பிறகு யாராவது திரும்பி வந்து, அது என்ன ஆயிற்று என்று சொன்னார்களா? அமெரிக்காவில் கேட்ஸ் அறக்கட்டளையின் ஆதரவில் ஆயிரக்கணக்கான வகுப்பறைகளில் நடந்த ஆய்வில், இப்படிக் கவனமாக எழுதப்பட்ட கேள்விகளுக்கு மாணவர்கள் தந்த பதில்கள் அந்த ஆசிரியரிடம் பிள்ளைகள் எவ்வளவு கற்றார்கள் என்பதோடு பொருந்திப் போயின. பிள்ளைகள் விளையாட்டுத்தனமாகப் பதில் சொல்வார்கள் என்ற பயத்துக்கு அது ஓரளவு பதில். ஆசிரியரைப் பற்றிக் கேட்கலாம் என்றால் தலைவரைப் பற்றி ஏன் கேட்கக் கூடாது?

மாணவர்களைக் கேட்கும்போது ஆசிரியர்களையும் கேட்க வேண்டும், அதுவும் பெயர் இல்லாமல். ஒரு பள்ளியிலிருந்து நல்ல ஆசிரியர்கள் அடுத்தடுத்து மாற்றல் கேட்டுப் போகிறார்கள் என்றால், எந்தக் கோப்பும் சொல்லாததை அந்த மாற்றல் விண்ணப்பங்கள் சொல்லும்.

இது பெரிய செலவு பிடிக்கும் காரியமில்லை. எட்டுக் கேள்வி, கைப்பேசியில் பத்து நிமிடம். படிவம் நான்கு மாணவர்களிடமும், ஆரம்பப்பள்ளியில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளிடமும் தொடங்கலாம். பதில்கள் பள்ளியின் கையில் போகாமல் நேராக மாவட்டத்துக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் கட்டொழுங்கு ஆசிரியர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். முடிவுகளை நாளிதழில் போடக் கூடாது. அப்படிப் போட்டால் அது இன்னொரு ரேங்க் பட்டியல் ஆகிவிடும், 7ஏ படங்களைப் போல. முதல் இரண்டு ஆண்டுகளுக்குப் பதவி உயர்வோடும் சம்பளத்தோடும் அதை முடிச்சுப் போடவும் வேண்டாம். தலைமையாசிரியரும் அவருக்கு வழிகாட்டுகிறவரும் மட்டும் உட்கார்ந்து படிக்கட்டும். விருப்பமுள்ள ஒரு மாவட்டத்தில், முன்வரும் பத்துப் பள்ளிகளில், அடுத்த பள்ளி ஆண்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம்.

ஆசிரியர் கல்விக் கழகத்தில் இப்போது பயின்றுகொண்டிருக்கும் உங்களில் சிலர் இன்னும் இருபது ஆண்டுகளில் அந்த நாற்காலியில் உட்காரப் போகிறீர்கள். முதல் பள்ளிக்குப் போகும்போதே சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்.